கடல் ஏறிய வயலில் மறுபடி நெல் வைக்க

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. விடிந்து பார்த்தால் எங்கள் மூன்று மா நிலத்தில் முழங்கால் அளவு கடல்நீர். அது வடிந்தபின் கருஞ்சேறு. மூன்று மா என்பது ஒரு ஏக்கர்தான், ஆனால் அதை மீட்பதற்குள் நான் செய்யாத தப்பு இல்லை. இனியும் கடல் வரும் என்பதால் எழுதிவைக்கிறேன்.

அவசரப்பட்டு உழாதீர்கள். சேறு காய்ந்தால் ஓடு ஓடாக வெடிக்கும், மேலே வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை மண்வெட்டியால் சுரண்டி வயலுக்கு வெளியே கொட்டிவிட்டு, அப்புறம் உழ வேண்டும். நான் சுரண்டாமலே டிராக்டர் விட்டு, மேலே கிடந்த உப்பை அடிமண்ணுக்கும் கொடுத்தேன்.

அடுத்த தப்பு ஜிப்சம். கடைக்காரர் சொன்னார் என்று மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டேன், பணம்தான் கரைந்தது. உவர் (உப்பு ஏறிய மண்) வேறு, களர் (சோடியம் ஒட்டி இறுகிய மண்) வேறு. மண் பரிசோதனையில் மின்கடத்தும் திறன் (EC) 4 dS/m-க்கு மேல் இருந்தால் உவர். அதைத் தண்ணீர் கழுவிவிடும். கார அமில நிலை (pH) 8.5-ஐத் தாண்டினால்தான் களர், ஜிப்சம் அதற்குத்தான். அப்போதும் வடிகால் இல்லாவிட்டால், ஜிப்சம் பிரித்துவிடும் சோடியம் வயலிலேயே நிற்கும்.

ஆக, வேலையே வடிகாலில்தான் இருக்கிறது. தாழ்ந்த ஓரமாக முழங்கால் ஆழத்துக்கு வெட்டுங்கள். வரப்பை ஒரு அடிக்கு மேல் உயர்த்தி, ஐப்பசி மழையை வயலிலேயே தேக்குங்கள். ஊறட்டும், வடியட்டும், மறுபடி தேக்குங்கள். ஒரு அடி மண் வழியாக ஒரு அடித் தண்ணீர் இறங்கினால் உப்பில் பெரும்பங்கு போய்விடும் என்பது கணக்கு. எங்கள் வயல் களிமண், அதனால் இரண்டு மழைக்காலம் பிடித்தது. வடிகால் கடலோடு சேரும் வாய்க்காலில் விழுந்தால், கடல் ஏறும் நேரம் மடையை அடைத்து, வற்றும் நேரம் திறக்க வேண்டும். ஒரு ராத்திரி தூங்கிவிட்டால் கழுவிய உப்பு திரும்பி வந்துவிடும். கீழ்வயல்காரரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். என் உப்பு அவர் வயலில் இறங்கினால் எந்த மாமாவும் சும்மா இருக்கமாட்டார்.

அப்புறம் தக்கைப்பூண்டு, மண்ணில் மடக்கி உழும் பசுந்தாள் உரச்செடி. ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுங்கள். நெல்லில் திருச்சி 1 உப்பைத் தாங்கும். நான் வைத்தது குழியடிச்சான் என்ற நாட்டு நெல். விளைச்சல் குறைவு, ஆனால் கருகவில்லை. இளநாற்று உப்பில் நிற்காது, 30 நாள் தாண்டியதைக் குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள்.

கிணற்றையும் மறந்துவிடாதீர்கள். நம் மணல்மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே ஏறத்தாழ 40 அடி உப்பு ஏறிவிடும் என்பார்கள். ஒரேயடியாக இறைக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று மோட்டார் போடுகிறேன். காபி கரிக்கிறது என்று அம்மா சொன்னால் அன்றைக்கு இறைப்பு கிடையாது.