மூச்ச விடுங்கண்ணா: முதல் ஸ்பாரிங்குக்கு இறங்கும் முன்

சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகு, 38 வயதில், 82 கிலோ உடம்போடு பாக்ஸிங் சேர்ந்தவன் நான். பகலில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பில் போடுகிற வேலை. ராயபுரத்தில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்தான் எங்கள் கூடம். ஸ்கிப்பிங், எதிரில் ஆளில்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ, தொங்கும் குத்துப்பையில் அடிப்பது, மாஸ்டர் பிடிக்கும் பேடில் அடிப்பது என்று நாலு மாதம் ஓடியது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மாஸ்டர், “சனிக்கிழமை மவுத்கார்டு எடுத்துட்டு வா” என்றார். முதல் ஸ்பாரிங், அதாவது எதிரில் ஓர் ஆளோடு ஆடும் பயிற்சிச் சண்டை, என்று அர்த்தம். அவ்வளவுதான். அடுத்த நாள் கடையில் ஒருவருக்கு கிளட்ச் பிளேட்டைக் கொடுத்துவிட்டு பிரேக் ஷூ விலையில் பில் போட்டேன்.

பல்லைக் காக்க வாயில் போடும் அந்த மவுத்கார்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் சொதப்பிய முதல் இடம் அதுதான்.

கடையில் சாதாரணமாகக் கிடைப்பது, சுடுதண்ணீரில் போட்டுக் கடித்து அச்சு எடுக்கிற வகை. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, பிளாஸ்கில் மிச்சமிருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அதில் போட்டுக் கடித்தேன். தண்ணீருக்குச் சூடு போதவில்லை, அச்சு விழவே இல்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு, பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் மட்டும் மவுத்கார்டை அதில் வையுங்கள். கரண்டியால் எடுத்து, சூடு பொறுக்கிற அளவுக்கு ஒரு நொடி குளிர்ந்த நீரில் காட்டி, மேல்பல்லில் பொருத்தி அழுத்திக் கடியுங்கள். எச்சிலை உறிஞ்சிக்கொண்டே, வெளியே விரலால் உதட்டையும் கன்னத்தையும் அமுக்குங்கள், உள்ளே நாக்கால் தள்ளுங்கள். சரியாக உட்கார்ந்துவிட்டால் வாயைத் திறந்தாலும் கீழே விழாது. அதன்பின் ஒரு வாரமாவது அதைப் போட்டுக்கொண்டே ஸ்கிப்பிங் ஆடுங்கள். பல்லைக் கடித்தபடி மூச்சுவிடப் பழகவேண்டும். தாடை தொங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு குத்து வாங்கினால் சும்மா போகாது.

என்னுடையது முதல் ரவுண்டிலேயே கழன்று மண்ணில் விழுந்தது. மாஸ்டர் அதைக் குழாயில் கழுவிக் கொண்டுவந்து, “இது வாய்க்கு வாங்குனதா, வேற யாருக்காவது வாங்குனதா?” என்று கேட்டார்.

மற்ற சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளவ்ஸுக்குள் கையில் சுற்றும் பேண்டேஜ் நாலரை மீட்டர் நீளமானது வாங்குங்கள், சின்னது மணிக்கட்டுக்கே தீர்ந்துவிடும். கிளவ்ஸ் 16 அவுன்ஸ், அதாவது ஒரு கைக்குச் சுமார் 450 கிராம். பை அடித்து அடித்து பஞ்சு செத்துப்போன கிளவ்ஸோடு ஸ்பாரிங் போகாதீர்கள், எதிரில் இருப்பவர் முகம் பாவம். ஆண்கள் அடிவயிற்றுக்கு கார்டு போடவேண்டும், கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். செயின், மோதிரம், கடுக்கன் எல்லாம் பையில். புருவத்திலும் மூக்கிலும் வாஸ்லின். சாப்பாடு இரண்டரை, மூன்று மணி நேரம் முன்னால் முடிந்திருக்க வேண்டும். கண்ணில் மைனஸ் பவர் அதிகமாக உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. விழித்திரை விஷயம், விளையாட்டில்லை.

தலைக்கவசமான ஹெட்கார்டு பற்றிக் கூடத்துப் பையன்களிடையே ஓயாத வாக்குவாதம் உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஒலிம்பிக்கில் அது கட்டாயமாக இருந்தது. 2013இல் ஆண்கள் போட்டிகளிலிருந்து எடுத்தார்கள், 2016 ரியோவில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள். ‘அவங்களே போடலை, நமக்கு எதுக்கு’ என்பது பையன்கள் கட்சி. போடுங்கள் என்பது என் கட்சி. புருவம் கிழியாமல், தலையோடு தலை மோதினால் மண்டை வீங்காமல் அது காப்பாற்றும். ஆனால் உள்ளே மூளை குலுங்குவதை அது தடுக்காது. ஹெட்கார்டு இருக்கிறதே என்று எதிராளி பலமாக அடித்தால், அது இல்லாமலிருப்பதே மேல்.

அடுத்து, யாரோடு இறங்குவது? என்னோடு சேர்ந்த இன்னொரு புதுசு இருந்தார், கிட்டத்தட்ட என் எடை. அவரோடுதான் விடுவார் என்று நினைத்தேன். மாஸ்டர் விட்டது 57 கிலோ எடையுள்ள, பிளஸ் டூ படிக்கிற பையனோடு. முதலில் எனக்கு அது அவமானமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, இரண்டு புதுசுகளை எதிரெதிரே விட்டால் இரண்டு பேருக்கும் பயம், பயத்தில் இரண்டு பேரும் முழுப் பலத்தோடு வீசுவார்கள். நாலைந்து வருஷம் ஆடியவனுக்கு எவ்வளவு வேகத்தில் தொட்டால் போதும் என்று தெரியும். உங்கள் கூடத்தில் புதுசாக வந்தவரை முரட்டு ஆளிடம் தள்ளிவிட்டு, சுற்றி நின்று சிரிக்கிற பழக்கம் இருந்தால் அன்றே கிளவ்ஸைக் கழற்றிவிட்டு வேறு இடம் தேடுங்கள். ஸ்பாரிங் நடக்கும்போது மாஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தாலும் அப்படியே.

எங்கள் மாஸ்டர் ஸ்பாரிங் என்றால் என்ன என்று விளக்க எப்போதும் ஒரே கதைதான் சொல்வார். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிப் போட்டி ஆடினார். சின்னப் பையனாகக் கூட்டத்தில் இருந்து பார்த்தவர் இவர். அலியும் எல்லிஸும் ஒரே ஊர்க்காரர்கள், லூயிவில். எல்லிஸ் பல வருஷம் அலிக்கு ஸ்பாரிங் கூட்டாளி. 1971இல் ஹூஸ்டனில் இருவரும் நிஜமாகவே மோதி, 12ஆவது ரவுண்டில் அலி ஜெயித்தார். “அதே ரெண்டு பேரு, அதே கை. அங்க அடிச்சது வேற, இங்க அடிச்சது வேற. நீ இங்க ஆடுறது ரெண்டாவது” என்பார் மாஸ்டர்.

சரி, உள்ளே இறங்கியாயிற்று. எனக்கு இரண்டு நிமிஷ ரவுண்டு இரண்டு, நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. முதல் ரவுண்டில் ஜாப் மட்டும், அதாவது முன்னால் இருக்கும் இடது கையை நேராக நீட்டிக் குத்துவது; வலது கை கன்னத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும். உங்கள் மாஸ்டர் இப்படி எல்லை போடாவிட்டால் நீங்களே கேளுங்கள்: “மொதல்ல ஜாப் மட்டும் வச்சுக்கலாமா மாஸ்டர்?”

கிளவ்ஸைத் தொட்டுக்கொண்டோம். அவன் முதல் ஜாப் என் மூக்கில் பட்டது. வலி பெரிதாக இல்லை. ஆனால் இரண்டு கண்ணிலும் தண்ணீர் கொட்டிவிட்டது. மூக்கில் பட்டால் யாருக்கும் வரும், அழுகை இல்லை அது. அந்த நொடியில் கை தானாகவே கண்ணைத் துடைக்கப் போகும், முகம் தானாகவே திரும்பும். இரண்டையும் செய்யாதீர்கள். கார்டை, அதாவது முகத்தைக் காக்கும் இரண்டு கைகளையும், ஏற்றி, தாடையை நெஞ்சோடு இறக்கி, ஒரு எட்டு விலகி, கண்ணைச் சிமிட்டுங்கள். நாலு சிமிட்டில் தெளிந்துவிடும். முதுகை மட்டும் காட்டவே காட்டாதீர்கள்.

பார்வை கிளவ்ஸ் மேல் இருந்தால் தாமதமாகத்தான் தெரியும். எதிராளியின் கழுத்துக்குக் கீழே, காலர் எலும்புப் பக்கம் பாருங்கள். தோள் அசைவது கைக்கு முன்னால் தெரியும்.

முப்பது வினாடிக்குள் எனக்கு மூச்சு முட்டியது. நாலு மாதம் ஸ்கிப்பிங் ஆடியவனுக்கு எப்படி? நான் மூச்சே விடவில்லை, அதனால்தான். பயத்தில் அடக்கி வைத்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை. என்னை அடித்துக்கொண்டே அந்தப் பையன், “மூச்ச விடுங்கண்ணா, மூச்ச விடுங்க” என்றான். ஒவ்வொரு ஜாபுக்கும் ‘ஸ்’ என்று சத்தமாக மூச்சை வெளியே தள்ளுங்கள். வாங்கும்போதும் அதே. முதல் நாள் வேறு எதையும் சாதிக்காவிட்டாலும் பரவாயில்லை, கண் திறந்திருந்து மூச்சு ஓடினால் போதும்.

நான் செய்த இன்னொரு தப்பு, நேராகப் பின்னால் போய்க்கொண்டே இருந்தது. மூன்று முறை கயிற்றில் முட்டினேன். “நேரா பின்னாடியே போனா காசிமேடு வந்துரும், சைடுல போ!” என்று மாஸ்டர் கத்தினார். அந்தப் பதற்றத்தில் ஒரு ஜாபை முழுப் பலத்தோடு அவன் தோளில் இறக்கிவிட்டேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து வந்த அவன் ஜாப் என் நெற்றியில் அதே கனத்தில் விழுந்தது. நம் கவுன்டரில் வைத்த நோட்டுக்குச் சில்லறை எண்ணிக் கொடுப்பது மாதிரிதான் அங்கே கணக்கு. தெரியாமல் பலமாகப் பட்டுவிட்டால் கிளவ்ஸை நீட்டித் தொட்டு ‘சாரி’ சொல்லிவிட்டுத் தொடருங்கள்.

இரண்டாவது ரவுண்டில் உடம்பிலும் அடிக்கலாம் என்றார் மாஸ்டர். என் வலது முழங்கை கொஞ்சம் விலகியது. அவன் இடது கையால் பக்கவாட்டில் வளைத்துக் குத்திய ஹூக் விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடத்தில், லேசாகத் தொட்டது. ‘இதென்ன, ஒன்றுமே இல்லையே’ என்று நினைத்தேன். ஒரு நொடி கழித்து முழங்கால் இரண்டும் மடங்கின. ஈரல் குத்து அப்படித்தான், பில் கொஞ்சம் தாமதமாக வரும். முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். முடியவில்லை என்றால் கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். நான் நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை.

முடிந்த பிறகு செய்யவேண்டியதில் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன். கழுத்து வலிக்கும், முன்கை கன்றிப்போகும், அது சகஜம். ஆனால் தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுவது, பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் தனியாக பைக் ஓட்டிப் போகாதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலோ, எழுப்பினாலும் எழாத அளவு தூக்கமாக இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. மாஸ்டரிடம் மறைத்துவிட்டு அடுத்த வாரம் இறங்குவதைவிட முட்டாள்தனம் வேறில்லை.

நான் இப்போதும் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஸ்பாரிங். மூன்றாவது சனிக்கிழமை, அதே பையனின் தோள் அசைவதைப் பார்த்துத் தலையை ஒரு சாண் நகர்த்தினேன். ஜாப் காதோரம் காற்றாகப் போனது. “ஆங், பாத்துட்டீங்கண்ணா!” என்று மவுத்கார்டோடு சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் என் வலது முழங்கை எங்கே இருந்தது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.