எஃப் எண்ணைப் பார்த்து லென்ஸ் வாங்காதீர்கள்

வைகாசி முகூர்த்தங்கள் முடிந்த வாரம், என்னிடம் வேலை பழகிய தம்பி ஒருவன் ஸ்டூடியோவுக்கு வந்தான். பையிலிருந்து புது 50 எம்எம் லென்ஸை எடுத்து மேசையில் வைத்தான். எஃப் 1.2. இந்த எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு, அதாவது அபெர்ச்சர், பெரிதாகும். நகைக்கடன் போட்டு வாங்கியிருக்கிறான். "அண்ணே, லென்ஸ் சரியில்லண்ணே. பாதிப் படம் ஷார்ப்பா வரல" என்றான். லேப்டாப்பில் படங்களைப் பார்த்தேன். பெண்ணின் கண் மங்கல். காதுக்குப் பின்னால் வைத்திருந்த மல்லிகைச்சரம் மட்டும் இதழ் இதழாகத் தெளிவு. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் எடுத்த படத்தையே திரும்பப் பார்ப்பதுபோல இருந்தது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். மூடியைக் கழற்ற மறப்பது, கண்ணாடியில் விரல் படுவது, சட்டைத் துணியால் துடைப்பது இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் மாதத்திலேயே எல்லாரும் கற்றுக்கொண்டுவிடுவார்கள். வருஷக்கணக்காகத் தெரியாமலே செய்துகொண்டிருக்கும் தவறுகள் வேறு.

பெரிய பெயர் இருந்தால் நல்ல லென்ஸ் என்று நினைப்பது

நிக்கான் 1963-ல் கொண்டுவந்த 43-86 எம்எம் எஃப் 3.5 ஜூம் லென்ஸைப் பழைய கடைகளில் இன்றும் பார்க்கலாம். கைக்கு அடக்கமானது. அந்தக் காலத்துக்கு விலையும் குறைவு. ஏராளமாக விற்றது. ஆனால் நேர்க்கோடுகள் வளையும், ஓரங்கள் குழையும், வெளிச்சம் எதிரே இருந்தால் படம் முழுக்க வெளுத்துவிடும். நிக்கான் வரலாற்றிலேயே அதிகம் திட்டு வாங்கிய லென்ஸ்களில் ஒன்று இது. ஜூம் வடிவமைப்பே அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது. லென்ஸைக் கழற்றவே முடியாத நிக்கோரெக்ஸ் ஜூம் 35 என்ற கேமராவிலும் இதே 43-86தான். வீட்டுப் படம் எடுப்பவருக்காகச் சின்னதாக, மலிவாகச் செய்ததை, நிக்கான் என்ற பெயரைப் பார்த்துத் தொழில்முறை லென்ஸோடு ஒப்பிட்டவர்கள்தான் ஏமாந்தார்கள். 1970களில் உள்ளமைப்பை மாற்றிய பிறகு வந்தவை பரவாயில்லை.

பழைய லென்ஸ் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த வருஷத்தது, யாருக்காகச் செய்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கேமரா பாடியை மாற்றிவிட்டு லென்ஸ் அதேபோல நடக்கும் என்று நம்புவது

இதுவும் நிக்கான் கதைதான். 2003-ல் 70-200 எம்எம் எஃப் 2.8 விஆர் (கை ஆட்டத்தைச் சமாளிக்கும்) லென்ஸ் வந்தது. அப்போது நிக்கானின் டிஜிட்டல் பாடிகள் எல்லாமே சின்ன சென்சார். லென்ஸின் நடுப்பகுதி மட்டுமே படத்தில் விழும். நடுப்பகுதி அபாரமாக இருந்தது. எல்லாரும் கொண்டாடினார்கள். 2007-ல் முழு ஃபிரேம் சென்சாரோடு (35 எம்எம் ஃபிலிம் அளவு) டி3 கேமரா வந்தது. அதே லென்ஸை அதில் மாட்டியதும், டிஜிட்டலில் அதுவரை யாரும் பார்க்காத மூலைகள் தெரிய ஆரம்பித்தன. 200 எம்எம்மில் மூலைகள் இருண்டும் குழைந்தும் இருந்தன. லென்ஸ் கெட்டுப்போகவில்லை. மறைந்திருந்த பகுதி வெளியே வந்தது, அவ்வளவுதான்.

2009-ல் இரண்டாம் பதிப்பு. மூலைகள் சரியாகிவிட்டன. ஆனால் வேறு ஒன்று வந்து சேர்ந்தது. மிக அருகில் போகஸ் செய்தால், வளையத்தில் 200 என்று இருந்தாலும் ஏறக்குறைய 135 எம்எம் அளவுக்குத்தான் உருவம் பெரிதாகத் தெரியும். தூரத்தில் நிற்பவரை எடுத்தால் 200, ஒன்றரை மீட்டரில் இருக்கும் ஜிமிக்கியை எடுத்தால் 135. முகத்தையும் நகையையும் நெருக்கி எடுக்கும் கல்யாணக்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம். பழையதை விற்றுவிட்டு வாங்கியவர்கள், பழையதில் கிடைத்த நெருக்கம் எங்கே போனது என்று தவித்தார்கள். 2016-ல் வந்த அடுத்த பதிப்பில்தான் இந்தக் குறை பெருமளவு தீர்ந்தது.

மூலை வேண்டுமா, நெருக்கம் வேண்டுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. மற்றவர்கள் கொடுத்த மார்க்கை வைத்து அதை முடிவு செய்ய முடியாது.

எஃப் எண்ணை நம்புவது

இதைப் பற்றிப் பேசினால் இன்றும் எனக்குக் கோபம் வரும். கடையில் நின்று பாருங்கள். வருகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, பல நேரம் ஒரே கேள்வி: "எவ்வளவு எஃப்?" எண் குறையக் குறைய லென்ஸ் உயர்ந்தது, படமும் உயர்ந்தது என்று ஒரு நம்பிக்கை.

நானும் அப்படித்தான் வாங்கினேன். சீட்டு எடுத்த பணம் மொத்தமும் போயிற்று. எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். முதல் கல்யாணம் கும்பகோணம் பக்கம், விடிகாலை முகூர்த்தம், மஞ்சள் விளக்கு போட்ட மண்டபம். மேடையில் ஒன்றரை மீட்டர் தூரத்தில் நின்று, எஃப் 1.2-ல் வைத்துத் தட்டினேன். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தது. பின்னணி பஞ்சுபோலக் கரைந்திருந்தது.

கணக்கு எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. முழு ஃபிரேம் பாடியில் 50 எம்எம் லென்ஸை எஃப் 1.2-ல் வைத்து ஒன்றரை மீட்டரில் போகஸ் செய்தால், தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 6.5 சென்டிமீட்டர். 85 எம்எம் எஃப் 1.2 என்றால் இரண்டு மீட்டரில் நின்றாலும் 4 சென்டிமீட்டர்தான். தாலி கட்டும் நேரத்தில் என்ன நடக்கிறது? பெண் தலை குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கைகள் அவள் கழுத்துக்குப் பின்னால். நாத்தனார் குனிந்து மூன்றாவது முடிச்சுக்குக் கை நீட்டுகிறாள். மூன்று முகம், ஆறு கை, ஒரு முடிச்சு. 6.5 சென்டிமீட்டருக்குள் இதில் எது அடங்கும்? அதுவும் 12க்கு 36 ஆல்பத்தில் பெரிதாகப் போட்டால் அந்த ஆழம் இன்னும் குறைந்துதான் தெரியும்.

சரி, தவறு புரிந்தது என்று அடுத்த கல்யாணத்தில் எஃப் 2, எஃப் 2.8 என்று திறப்பைக் கொஞ்சம் மூடி வைத்து எடுத்தேன். இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அங்கேதான் பெரிய அடி விழுந்தது. கண்ணில் போகஸ் வைத்த படங்களில் கண் லேசாக மங்கல், காது தெளிவு. ஒன்றிரண்டு இல்லை, வரிசையாக. ஆல்பத்தைப் புரட்டிய பெண்ணின் அப்பா முகூர்த்தப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "தம்பி, பாப்பா முகம் மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா?

கை ஆடியிருக்கும் என்று நினைத்தேன். பிறகு பாடியின் மேல் சந்தேகம் வந்து இரண்டு முறை சர்வீஸுக்கு அனுப்பினேன். போகஸ் திருத்தும் அமைப்பை நானே மாற்றிப் பார்த்தேன். எஃப் 2.8-க்குச் சரிசெய்தால் 1.2-ல் தப்பும், 1.2-க்குச் சரிசெய்தால் 2.8-ல் தப்பும். ஆறு மாதம் இப்படியே போயிற்று. கடைசியில் ஒரு ராத்திரி, ஸ்டூடியோ மேசையில் ஒன்பது தீப்பெட்டிகளை நிற்க வைத்தேன். ஒவ்வொன்றும் முன்னதற்கு 2 சென்டிமீட்டர் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளி, எல்லாப் பெட்டியின் எழுத்தும் தெரியும்படி. ஒரு மீட்டர் தூரத்தில் டிரைபாட். எஃப் 1.2-ல் ஐந்தாவது பெட்டியில் போகஸ் வைத்தேன். உடனே மேனுவலுக்கு மாற்றிவிட்டு, வளையத்தைத் தொடாமல் எஃப் 1.2, 2, 2.8, 4, 5.6 என்று வரிசையாக எடுத்தேன்.

1.2-ல் ஐந்தாவது பெட்டியின் எழுத்து கூர்மை. 2-ல் ஐந்தாவது கொஞ்சம் தளர்ந்து, கூர்மை அதற்கும் ஆறாவதற்கும் நடுவில் போயிருந்தது. 2.8-ல் ஆறாவது பெட்டியில் தீக்குச்சிகளின் எண்ணிக்கையைக்கூடப் படிக்க முடிந்தது, ஐந்தாவதில் முடியவில்லை. 4-லும் அதே சாய்வு. 5.6-க்கு வந்த பிறகுதான் நான்காவதிலிருந்து எட்டாவது வரை எல்லாம் ஆழத்துக்குள் அடங்கி, ஐந்தாவதும் தெளிந்தது. யாரும் தொடவில்லை, எதுவும் நகரவில்லை. அபெர்ச்சரை மூடியதற்கே தெளிவு பின்னால் நகர்ந்துவிட்டது.

இதற்கு ஃபோகஸ் ஷிப்ட் என்று பெயர். காரணம் பள்ளிக்கூட இயற்பியலில் வருகிற கோளப் பிறழ்ச்சிதான். கண்ணாடியின் ஓரம் வழியாக வரும் கதிர்களும் நடு வழியாக வரும் கதிர்களும் ஒரே இடத்தில் கூடுவதில்லை. ஓரக் கதிர்கள் கொஞ்சம் முன்னாலேயே கூடிவிடும். டிஎஸ்எல்ஆர் கேமரா அபெர்ச்சரை முழுசாகத் திறந்து வைத்துத்தான் போகஸ் பார்க்கும். ஷட்டரை அழுத்தும் கணத்தில்தான் நீங்கள் சொன்ன எண்ணுக்கு மூடும். மூடியதும் ஓரக் கதிர்கள் வெட்டுப்படும், நடுக் கதிர்கள் மட்டும் மிஞ்சும், தெளிவுப் புள்ளி இடம் மாறும். அருகில் எடுக்கும்போது இது அதிகம் உறுத்தும்.

லென்ஸ் செய்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்தப் பிறழ்ச்சியைக் கொஞ்சம் விட்டுவைத்தால்தான் பின்னணி அவ்வளவு மென்மையாகக் கரையும். சைஸ் நிறுவனத்தின் சி சோனார் 50 எம்எம் எஃப் 1.5 லென்ஸில் இந்தக் குணம் எல்லாரும் அறிந்தது. 1930களில் லுட்விக் பெர்டெலே உருவாக்கிய சோனார் அமைப்பின் வழிவந்த லென்ஸ் அது. உருவப்படத்தின் அழகுக்காக அதைத் தேடிப்போய் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஏமாறுவதில்லை. குணம் தெரிந்து வாங்குகிறார்கள்.

அந்தத் தம்பியோடும் அன்று சாயங்காலமே தீப்பெட்டிகளை அடுக்கினோம். அவன் பாடியும் டிஎஸ்எல்ஆர்தான். அதே கதை. அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். அப்படி ஒரு லென்ஸ் கையில் இருந்தால் முழுத் திறப்பில் தனி முகங்களை எடுங்கள், அல்லது 5.6-க்கு மேல் போங்கள். இடையில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் லைவ் வியூவில் (பின்பக்கத் திரையில் பார்த்தபடி) அபெர்ச்சரை மூடி வைத்துக்கொண்டு கையால் போகஸ் செய்யுங்கள். சில மிரர்லெஸ் கேமராக்கள் படம் எடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே போகஸ் பார்ப்பதால் இந்தத் தொல்லை அவற்றில் குறைவு. உங்களுடையது எப்படி என்று தீப்பெட்டி சொல்லிவிடும்.

இன்னொன்று. இருட்டு மண்டபத்துக்கு 1.2 வேண்டும் என்பார்கள். 1.2-க்கும் 1.8-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஸ்டாப்பைக் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அளவு) கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்வு) 1600-ல் எடுப்பதை 3600-ல் எடுப்பீர்கள். இன்றைய பாடிகளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. விலையோ பல மடங்கு. அந்தப் பணத்தில் ஒரு 1.8 லென்ஸும் இரண்டு நல்ல ஃப்ளாஷும் வாங்கிவிட்டு மிச்சமும் வைத்திருக்கலாம். நான் அன்று அப்படிச் செய்திருந்தால் அந்த அப்பாவின் விரல் அந்தப் பக்கத்தில் நின்றிருக்காது.

ஒரே லென்ஸில் எல்லாம்

18-200 எம்எம் ஜூம் சுற்றுலாவுக்கு நல்லது. சம்பளம் வாங்கும் வேலைக்கு வேண்டாம்.

மலிவான 500 எம்எம் மிரர் லென்ஸ்

கோடியக்கரைக்குப் பூநாரை எடுக்கப் போகிறவர்கள் விலையைப் பார்த்து இதில் விழுகிறார்கள். பெரும்பாலும் எஃப் 8 மட்டும்தான். திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. பின்னணியில் தண்ணீர் மினுங்கினால் ஒவ்வொரு மினுக்கமும் உளுந்துவடைபோல நடுவில் ஓட்டையோடு விழும்.

ஃபில்டரை மறப்பது

ஐம்பதாயிரம் ரூபாய் லென்ஸின் முன்னால் இருநூறு ரூபாய் யுவி கண்ணாடி. குத்துவிளக்கை எடுத்துப் பாருங்கள். ஐந்து முகச் சுடரும் தலைகீழாக, பச்சையாக, படத்தின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு விளக்குபோலத் தெரியும். "லென்ஸ் கோஸ்ட் அடிக்குதுண்ணே" என்று யாராவது சொன்னால் முதல் வேலையாக ஃபில்டரைக் கழற்றச் சொல்வேன். பத்தில் எட்டு முறை அதோடு தீர்ந்துவிடும்.

சோதிக்காமல் மண்டபத்துக்கு எடுத்துப் போவது

ஒரு வாரம் வீட்டில். அப்புறம் மண்டபம்.

ஈரத்தை மறப்பது

நல்ல லென்ஸையும் கெட்டதாக்குவது நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸைப் பையிலேயே போட்டு பீரோவுக்குள் வைத்தால், பொங்கலுக்குள் உள்கண்ணாடியில் சிலந்தி வலைபோலப் பூஞ்சை ஓடியிருக்கும். முதலில் படத்தில் எதுவும் தெரியாது. பிறகு எதிர் வெளிச்சத்தில் எல்லாம் வெளுக்கும். கவனிக்காமல் விட்டால் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கையே அரித்துவிடும். துடைத்தாலும் தடம் போகாது. பழைய லென்ஸ் வாங்கும்போது அபெர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

அரிசிப் பானைக்குள் லென்ஸ் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தூசிதான் உள்ளே போகும். ட்ரை கேபினெட் வாங்க முடிந்தால் ஈரப்பதம் 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கும்படி வையுங்கள். முடியாவிட்டால் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் லேசான சூட்டில் வறுத்து, ஆறவைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அந்த 50 எம்எம் லென்ஸை நான் விற்கவில்லை. அப்படிப்பட்ட டப்பா ஒன்றில்தான் இருக்கிறது, பக்கத்திலேயே ஒன்பது தீப்பெட்டிகளும். புதுசாக எந்த லென்ஸ் வந்தாலும் முதலில் அவற்றைத்தான் மேசையில் அடுக்குகிறேன்.