பட்டாளத்தில் சேரலாமா? ஐந்தாம் ஆண்டிலிருந்து யோசித்துப் பார்

பெங்களூர் அல்சூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மெட்ராஸ் சேப்பர்கள் என்னும் இராணுவப் பொறியாளர் படைப்பிரிவின் எம்.இ.ஜி. சென்டர் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு மட்டும் சிப்பாய்களை எடுக்கும் அக்னிவீர் விண்ணப்பம் திறந்துவிட்டால் ஆதார் வேலை, பான் வேலை எல்லாவற்றையும் ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். மர்ஃபி டவுன், ஜீவனஹள்ளி, ஆஸ்டின் டவுன் பையன்கள் மார்க்ஸ் கார்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். "அக்கா, ஃபார்ம் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டால் பாதிப் பேர் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஃபார்ம் நிரப்புவது சின்ன வேலை. அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியதை யோசிக்கத்தான் யாரும் உட்காருவதில்லை. தம்பி, உட்கார். கடையில் ஸ்டூல் இருக்கிறது.

முதலில், யார் பேச்சைக் கேட்டு இங்கே வந்தாய் என்று பார். அல்சூரில் வீட்டுக்கு வீடு ஒரு மாமாவோ சித்தப்பாவோ பட்டாளத்தில் இருந்திருப்பார். என் வீட்டுக்காரரும் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது, கேண்டீன் கார்டு இருக்கிறது, உடம்புக்கு முடியாவிட்டால் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இருக்கிறது. அவர் தன் காலத்துக் கதையைச் சொன்னால் கேட்கிற யாருக்கும் நாளைக்கே போய்விடலாம் என்று தோன்றும். ஆனால் அவர் சேர்ந்த வேலை வேறு, நீ சேரப்போகும் வேலை வேறு. 2022 ஜூனில் அக்னிவீரர்களை எடுக்கும் அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதோடு சிப்பாய்க்கான ஒப்பந்தமே மாறிவிட்டது. ஆகவே மாமாவிடம் பயிற்சி எப்படி இருக்கும், மேலதிகாரியிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும், வீட்டு ஏக்கத்தை எப்படித் தாங்குவது என்று கேள். ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையைப் பற்றி அவரிடம் கேட்காதே. அது உனக்குக் கிடைக்கப் போவதில்லை.

உன் ஒப்பந்தம் என்ன என்பதைச் சொல்கிறேன். பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 9,000, பணி முடியும்போது மொத்தமாகத் தரும் சேவா நிதிக்குப் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000 ஆகும், கையில் 28,000. முடித்து வரும்போது நீ சேர்த்த 5.02 லட்சத்தோடு அரசும் அதே அளவு போட்டு, வட்டியுடன் சுமார் 11.71 லட்சம் தரும். அதற்கு வருமான வரி இல்லை. "பதினொன்று லட்சம் சும்மா தருகிறார்கள் அக்கா" என்று ஒருவன் சொன்னான். சும்மா இல்லை தம்பி, அதில் பாதி உன் சம்பளத்தில் பிடித்தது. நடுவில் உன் விருப்பத்தால் விலகுவது எளிதில் நடக்காது. அப்படியே அனுமதி கிடைத்தாலும் உன் பங்கும் அதன் வட்டியும்தான் வரும், அரசின் பங்கு வராது.

ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. அந்த நான்கு ஆண்டுகளில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது. நான்கு ஆண்டு முடிந்ததும் ஒவ்வோர் அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் குறைந்தது இன்னும் 15 ஆண்டுகள் பணியாற்ற வேண்டும், அவர்களுக்கு ஓய்வூதியம் உண்டு. மீதிப் பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

இனி நான் எல்லாப் பையன்களிடமும் செய்யச் சொல்வது. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் ஒன்று தருகிறேன். "என்னை நிரந்தரமாக எடுக்கவில்லை" என்று மேலே எழுது. அதற்குக் கீழே அன்றைக்கு உன் வயது என்ன, கையில் என்ன சான்றிதழ், எந்த வேலைக்கு விண்ணப்பிப்பாய், வீட்டில் யார் யார் உன் வருமானத்தை எதிர்பார்த்திருப்பார்கள் என்று எழுது. பதினெட்டு வயதில் சேர்ந்தால் இருபத்திரண்டில் வெளியே வருவாய். அந்த வயதில் உன்னோடு படித்தவன் பி.காம். முடித்து எங்காவது ஓர் அலுவலகத்தில் இரண்டாம் ஆண்டில் இருப்பான். அவனிடம் உன் அளவுக்குச் சேமிப்பு இருக்காது, உன்னிடம் அவன் பட்டம் இருக்காது. இந்த இரண்டில் எது இல்லாமல் உன்னால் சமாளிக்க முடியும் என்பது உனக்குத்தான் தெரியும்.

அந்தத் தாளில் எழுத என்னவெல்லாம் இருக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு இட ஒதுக்கீடும் வயது வரம்பில் தளர்வும் அறிவித்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு சேருகிறவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் பெற வழி செய்திருக்கிறார்கள். ஆனால் முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 இறுதியிலும் 2023 தொடக்கத்திலும்தான். அவர்கள் நான்கு ஆண்டை முடிப்பது 2026 இறுதியையொட்டி. ஆக, வெளியே வந்தவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள உனக்கு முன்னால் நீண்ட வரிசை ஒன்றும் இல்லை. தாளில் எழுத ஒன்றுமே வரவில்லை என்றால் ஃபார்மை இந்த ஆண்டு போடாதே. வயது வரம்பு பதினேழரையில் தொடங்குகிறது, மேல் வரம்பை அந்த ஆண்டு அறிவிப்பில் பார். பெரும்பாலானவர்களுக்கு இன்னொரு தடவை வாய்ப்பு இருக்கும்.

எழுத வந்தது என்றால், அந்த எழுத்தே உனக்கு நல்லது. போன பருவத்தில் ஒருவன் "லாரி, ஜேசிபி ஓட்டக் கற்றுக்கொண்டு வருவேன், சேவா நிதியில் பழைய வண்டி ஒன்று வாங்குவேன், அப்பாவின் மணல் வியாபாரத்தைப் பார்ப்பேன்" என்று எழுதினான். ஓட்டுநர் பணிதான் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதை அவனிடமும் சொன்னேன். இருந்தாலும் அவன் ஃபார்மைத் தயங்காமல் நிரப்பினேன். எந்தப் பணி கிடைத்தாலும் திரும்பி வர அவனுக்கு ஓர் இடம் இருந்தது.

காரணங்களைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். சீருடை பிடிக்கும் என்பது கெட்ட காரணம் இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வீட்டில் சண்டை, காதலில் சண்டை, பி.யூ.சி.யில் தோல்வி என்று மூன்று மாதத்தில் மறந்துவிடும் கோபத்துக்காக நான்கு ஆண்டைக் கொடுக்காதே. "அல்சூரிலேயே எம்.இ.ஜி. இருக்கிறது, இங்கேயே போட்டுவிடுவார்கள்" என்று நம்பிச் சேருகிறவனும் இருக்கிறான். படைப்பிரிவையும் ஊரையும் தேர்ந்தெடுப்பது உன் கையில் இல்லை. இந்தி தெரியாது என்று பயப்படுகிறவனுக்கு மட்டும் தைரியம் சொல்வேன். சிவாஜிநகர் மார்க்கெட்டில் கன்னடமும் உருதுவும் கலந்து பேரம் பேசி வளர்ந்தவனுக்கு அதுவும் வந்துவிடும்.

அம்மா கூட வந்திருந்தால் அவருக்கு வேறொரு கேள்வி இருக்கும். வாய்விட்டுக் கேட்க மாட்டார், நானே சொல்லிவிடுவேன். அக்னிவீரருக்கு 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு, அதற்கு அவர் சம்பளத்தில் பிடிப்பதில்லை. பணி காரணமாக உயிரிழந்தால் 44 லட்சம் கருணைத் தொகையும், மீதமிருக்கும் பணிக்காலச் சம்பளமும், சேவா நிதியும் குடும்பத்துக்கு வரும். உடல் ஊனம் பணியால் ஏற்பட்டால் அளவைப் பொறுத்து 44, 25, 15 லட்சம். மாதாமாதம் வரும் குடும்ப ஓய்வூதியம் கிடையாது. இதைக் கேட்டதும் சிலர் மகனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும். சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டு அழுவதைவிட என் கடை வாசலில் கோபப்படுவது மேல்.

அடுத்தது உடம்பு. மனசு முடிவு செய்வதற்கு முன்னால் உடம்பைக் கேட்டுவிடு. காசு செலவில்லாமல் வீட்டிலேயே பாதியைப் பார்த்துவிடலாம். காலை நனைத்துச் சிமெண்ட் தரையில் வை, பாதம் முழுவதும் அப்படியே பதிந்தால் தட்டைப் பாதமாக இருக்கலாம். நேராக நின்று கணுக்கால்களைச் சேர்க்கப் பார், முட்டிகள் முதலில் இடித்துக்கொண்டு கணுக்கால்கள் சேர மறுத்தால் அதுவும் சிக்கல். காலில் நரம்பு முடிச்சு, வளைந்த மூக்குத்தண்டு, விரைவீக்கம், கையை நீட்டினால் முழங்கையில் அதிகக் கோணம் ஆகியவையும் பையன்களைத் திருப்பி அனுப்பும் வழக்கமான காரணங்கள். கண்ணுக்கு மிண்டோ ஆஸ்பத்திரிக்குப் போய் நிறக்குருடு சோதனையையும் சேர்த்துச் செய்துகொள். அங்கே கூட்டம் இருக்கும், காலையிலேயே போ. பச்சை குத்தியிருந்தால் முழங்கைக்குக் கீழே மணிக்கட்டு வரை உட்பக்கத்திலும் புறங்கையிலும் மட்டும்தான் அனுமதி. புஜத்தில் காதலியின் பெயரை எழுதிக்கொண்டு வந்தவனை எனக்குத் தெரியும். பெயர் அழகாகத்தான் இருந்தது.

மருத்துவச் சோதனையில் தகுதியில்லை என்று சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது என்று எண்ணாதே. குறிப்பிட்ட இராணுவ மருத்துவமனையில் மறுபரிசோதனை கேட்கலாம், அந்தச் சீட்டில் இருக்கும் தேதியைத் தவறவிடாதே.

ஓட்டம் 1.6 கிலோமீட்டர். ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. புல்-அப்ஸ் பத்து எடுத்தால் 40. ஒன்பது அடிப் பள்ளம் தாண்ட வேண்டும், வளைந்த கட்டையில் நடக்க வேண்டும். பொதுப் பணிக்கு நம் பக்கத்து உயரம் 166 சென்டிமீட்டர். ஏரிக்கரை நடைபாதையில் ஓடிப் பழகாதே, நாய்க்கும் நடைப்பயிற்சித் தாத்தாவுக்கும் ஒதுங்கியே நேரம் போய்விடும். ஆர்.பி.ஏ.என்.எம்.எஸ். மைதானத்தில் கடிகாரம் வைத்து ஓடு. ஆறே முக்கால் நிமிடத்தில் இருப்பவன் இரண்டே வாரத்தில் ஐந்தரைக்கு வர முடியாது. பல மாதம் தேவைப்படும், அதையும் கணக்கில் வைத்து முடிவெடு. பெங்களூர்க் குளிரில் ஓடிப் பழகிவிட்டு வெயில் ஊர் மைதானத்தில் மூச்சு வாங்கியவர்களும் உண்டு. சில நாளாவது பதினொரு மணி வெயிலில் ஓடிப் பார்.

ஆனால் ஓட்டத்துக்கு முன்னால் கணினியில் எழுதும் பொது நுழைவுத் தேர்வு. 2023 முதல் இதுதான் வரிசை. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். இதெல்லாம் முடிந்து தகுதிப் பட்டியல் வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை கல்லூரியை விடாதே. பயிற்சிக்கு வரச் சொல்லும் கடிதம் கையில் வந்த பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்கினால் போதும். "உள்ளே ஆள் இருக்கிறார், இரண்டு லட்சம் கொடுத்தால் முடித்துத் தருவார்" என்று யாராவது சொன்னால் தாயே என்று கும்பிட்டு வந்துவிடு. தேர்வுக் கட்டணத்தைத் தவிர இதில் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை.

காகித விஷயத்தில் பெங்களூர்த் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி உண்டு. மார்க்ஸ் கார்டில் "கார்த்திக் எம்.", ஆதாரில் "கார்த்திக் முருகேசன்", அப்பாவின் ஆதாரில் "முருகேஷ்". மூன்றும் ஒரே வீடுதான் என்று உனக்கும் எனக்கும் தெரியும், சரிபார்க்கும் அதிகாரிக்குத் தெரியாது. மார்க்ஸ் கார்டில் இருப்பதை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்து, இப்போதே தொடங்கு. இன்னொன்று, இருப்பிடச் சான்றிதழ். ரேஷன் கார்டு திருப்பத்தூரில், படிப்பு பெங்களூரில் என்று இருக்கிற குடும்பங்கள் எந்த மாவட்டத்தில் சான்றிதழ் பெற முடியுமோ அந்த மாவட்டத்தின் ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் போட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தால் இரண்டும் போய்விடும். அப்பாவோ அண்ணனோ படையில் இருந்தால், படைப்பிரிவுத் தலைமையிடங்கள் உறவினர்களுக்கென நடத்தும் ஆள்சேர்ப்பையும் விசாரித்துக்கொள்.

பன்னிரண்டாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிற பையனிடம் நான் சிடுசிடுப்பேன். சிப்பாயாகப் போவதுதான் ஒரே வாசல் என்று ஏன் முடிவு செய்தாய்? தேசியப் பாதுகாப்பு அகாடமி நுழைவுத் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை நடக்கிறது. அதிகாரிகளுக்கான நேர்முகத் தேர்வு மையம் ஒன்று நம் பெங்களூரிலேயே இருக்கிறது. பட்டம் முடித்தால் சென்னைப் பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கு வழி உண்டு. பெண்பிள்ளைகளும் கேட்கிறார்கள். தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு இப்போது அவர்களுக்கும் திறந்திருக்கிறது, இராணுவக் காவல் பிரிவில் அக்னிவீராகவும் சேரலாம். அந்தப் பிரிவின் முதல் பெண்கள் அணி பயிற்சி முடித்து 2021 மே மாதம் அணிவகுத்தது இந்தப் பெங்களூரில்தான்.

பதினெட்டு நிரம்பவில்லை என்றால் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தை நீயே போட்டுக்கொண்டு வராதே, அந்த ஃபார்மை நான் தொட மாட்டேன். வீட்டில் மறுக்கிறார்கள் என்றால் மேலே சொன்ன தாளை அவர்கள் முன்னால் வைத்துப் பேசு. சேவா நிதிக் கணக்கை நீயே விளக்கு, குடும்ப ஓய்வூதியம் இல்லை என்பதையும் நீயே சொல். அப்போதும் வேண்டாம் என்றால் பதினெட்டு முடியும்வரை ஓட்டத்தைப் பழகு, பெயர்த் திருத்தத்தை முடி. ஞாயிறு மட்டும் கடை கிடையாது, மற்ற நாளில் ஒன்பது மணிக்குத் திறப்பேன். அசல் மார்க்ஸ் கார்டைக் கொண்டுவா, செல்போனில் எடுத்த படத்தை வைத்து நான் ஃபார்ம் நிரப்புவதில்லை.