தன் வாளியா, அவன் வாளியா? கிரீன்லாந்து மொழியின் உடைமை விகுதிகளைப் பிரித்தறியும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிய (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த) குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு, 'முத்து அவன் வாளியை எடுத்தான்' என்ற வாக்கியம் எவ்வளவு பெரிய வழக்கைக் கிளப்பும் என்பது தெரியும். வாளி முத்துவினுடையதா, பக்கத்து நிரைக்காரருடையதா என்பதைப் பொறுத்தே நிறுவையில் யார் பெயரில் பால் ஏறும் என்பது முடிவாகும். மலாயில் சொன்னாலும் ஐயம் தீராது. 'பால்டிஞா' இரண்டுக்கும் பொருந்தும், 'செண்டிரி' என்று சேர்த்தால்தான் சொந்த வாளி என்பது உறுதியாகும்.

இந்தக் குழப்பத்துக்கு விகுதியிலேயே தீர்வு வைத்திருக்கும் மொழி, கிரீன்லாந்தின் பூர்வகுடிகளான இனுயிட் மக்கள் பேசும் கலாலிசுட். 2009இல் தன்னாட்சி விரிவுபட்டபோது அதுவே அந்நாட்டின் ஆட்சிமொழி ஆனது. தமிழர்களுக்கு இதைக் கற்பது எளிது என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் 'தன்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது.

'இல்லு' என்றால் வீடு. 'இல்லுனி தகுவா' என்றால் ஒருவர் தன் வீட்டைப் பார்க்கிறார். 'இல்லுவா தகுவா' என்றால் வேறொருவரின் வீட்டைப் பார்க்கிறார். ஆண், பெண் வேறுபாடு இதில் தெரியாது. பலர் தங்கள் வீட்டைக் குறிக்கும்போது 'இல்லொர்த்திக்', பிறருடைய வீட்டைக் குறிக்கும்போது 'இல்லுவத்'. 'என் வீடு' என்பதற்கு 'இல்லொரா' என்ற ஒரே வடிவம்தான், ஏனெனில் அங்கே ஐயமே எழுவதில்லை. நாம் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் பேசுகிறோம். 'னி' விகுதி குறிக்கும் இடத்தை இலக்கண அறிஞர் சிலர் நான்காம் இடம் என்றே எண்ணுகிறார்கள்.

பயிற்சியைத் தமிழிலேயே தொடங்குங்கள். பேச்சில் 'முத்து அவன் வீட்டைப் பார்த்தான்' என்று தளர்வாகச் சொல்லிவிடுகிறோம். உடைமையாளரே எழுவாயாக இருந்தால் அதை முதலில் 'தன்' என்று திருத்தி எழுதிக்கொண்டு, பிறகு 'தன்' வரும் இடத்தில் 'னி'யையும், 'அவன்' எஞ்சும் இடத்தில் 'ஆ'வையும் சேர்க்க வேண்டும். நம் பேச்சில் 'தன்' விருப்பமாக நிற்கிறது. அங்கே அது கட்டாயம். 'னி'யை விட்டு 'ஆ'வைச் சேர்த்தால், அந்த வீடு உடனே இன்னொருவருடையதாகிவிடும்.

ஓரிடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'அவன் வீடு பெரியது' என்ற தனி வாக்கியத்தில் வீடே எழுவாய். 'னி' சுட்டித் திரும்புவதற்கு வேறோர் எழுவாய் இல்லாததால் 'இல்லுவா அங்கிவொக்' என்றே சொல்ல வேண்டும். தமிழிலும் 'தன் வீடு பெரியது' என்று மட்டும் சொன்னால், யாருடைய வீடு என்று கேட்போர் காத்திருப்பார்கள்.

இதே பிரிவு வினையிலும் தொடர்கிறது. 'அவன் வந்தபோது சிரித்தான்' என்பதில் வந்தவனும் சிரித்தவனும் ஒருவனே என்றால் 'திகிக்கமி', வந்தவன் வேறு என்றால் 'திகிம்மத்'. பெயரில் 'னி' பழகியவர், அதே கேள்வியை இங்கே வினையிடம் கேட்டால் போதும்.