பெரியவர்களிடம் "எப்படி?" என்று கேட்காதீர்கள்

திருகோணமலைக் கடற்கரையில் கரைவலை இழுக்கும் மாமா ஒருவரிடம், "மீன் வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "பார்த்தாத் தெரியும் தம்பி" என்றார். அவ்வளவுதான்.

அவர் மறைக்கவில்லை. கைப்பழக்கமாகிவிட்ட அறிவு கேட்டவுடன் சொல்லாக வராது. தத்துவ அறிஞர் மைக்கல் பொலானி இதை உள்ளுறை அறிவு என்றார். நூலகத்தில் தேடிக் கிடைக்காத பகுதி இதுதான்.

சரி, கேள்வியை மாற்றினேன். "கடைசியாக நல்ல மீன்பாடு கிடைத்த நாளைச் சொல்லுங்கோ, முதலில் எதைக் கண்டீங்கள்?" கதை கொட்டியது. விடியப்புறம், காற்று விழுந்த நேரம், ஓரிடத்தில் மட்டும் தண்ணி கறுத்துக் கிடந்தது, மேலே பறவைகள் குத்திக் குத்தி இறங்கின. அப்புறம், "வலை வளைத்தும் ஏமாந்த நாள் எது?" என்றேன். உண்மையில் இந்தக் கேள்விதான் பொன். அவர் எதை எதோடு ஒப்பிட்டு முடிவெடுக்கிறார் என்பது அதில்தான் தெரிந்தது.

நடந்த ஒரு சம்பவத்தைப் பிடித்துக் கேட்கும் இந்த முறையை அமெரிக்க உளவியலாளர் ஜோன் பிளனகன் 1954இல் முறைப்படுத்தி எழுதினார். சமையல், வைத்தியம், தையல் எதற்கும் பொருந்தும்.

அனுமதி கேட்டு போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். அன்றிரவே அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். காற்றை அவர் 'கச்சான்' என்றால் கச்சான், 'மேல்காற்று' என்று திருத்த வேண்டாம். யார் சொன்னது, எந்த நாள், எந்தக் கரை என்பதை மேலே குறியுங்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். "இல்லைத் தம்பி, அது அப்படியில்லை" என்று அவர் தொடங்கும்போது பேனாவைக் கையில் வைத்திருங்கள்.