ரெண்டு ஒதுக்குப்புற ஏர்போர்ட்டுக்கு நடுவுல தூரம், நேரம்: நாமளே கணக்கு போடுறது எப்படி

நெட்ல ரெண்டு ஏர்போர்ட் பேரை போட்டா தூரமும் நேரமும் டக்குனு வந்துரும். தூரம் பெரும்பாலும் சரியாதான் இருக்கும், ஆனா நேரத்தை அப்டியே நம்பிடாதீங்க, ஏன்னா நிறைய சைட்ல மணிக்கு 800 கிமீ மாதிரி ஜெட் ஸ்பீடை வச்சு வகுத்து குடுத்துருவாங்க, ஆனா குட்டி தீவுக்கெல்லாம் போறது பல நேரம் ஜெட்டே கிடையாது.

தூரத்துக்கு ரெண்டு ஊரோட அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்கோங்க. வடக்கு தெற்கா 1 டிகிரி சுமார் 111 கிமீ. கிழக்கு மேற்குல அப்டி இல்ல, துருவத்துப் பக்கம் போகப்போக சுருங்கும், அதனால 111ஐ ரெண்டு ஊருக்கும் நடு அட்சரேகையோட காஸால (கால்குலேட்டர்ல இருக்குற cos) பெருக்கணும். நார்வேல ட்ரோம்சோ 69.68 வடக்கு, 18.92 கிழக்கு, ஸ்வால்பார்டு தீவுல இருக்குற லாங்இயர்பியன் 78.25, 15.47. அட்சரேகை வித்தியாசத்தை 111ஆல பெருக்குனா வடக்கால 951 கிமீ, தீர்க்கரேகை வித்தியாசத்தை அந்த சுருங்குன அளவால பெருக்குனா குறுக்கால 106 தான் வரும், ரெண்டையும் வர்க்கம் பண்ணி கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 957. ஆயிரம் கிமீக்கு மேல போனா இது தப்பா வரும், அப்போ பூமியோட ஆரம் 6371 வச்சு ஹாவர்சைன் சூத்திரம் (உருண்டை மேல தூரம் கண்டுபிடிக்குற கணக்கு) போடுங்க. மேற்குன்னா மைனஸ் போட மறந்துடாதீங்க.

இப்ப நேரம். அங்க போறது போயிங் 737 மாதிரி ஜெட்டுன்னா, 800ஆல வகுத்தா 1 மணி 12 நிமிஷம், ஓடுபாதைக்கு உருண்டு போறது, ஏறுறது இறங்குறதுக்கு ஒரு அரை மணி சேத்துக்கோங்க, கிட்டத்தட்ட 1 மணி 40 நிமிஷம். இதே ஏடிஆர் 72ங்கிற ப்ரொபெல்லர் விமானம்னா மணிக்கு 500 கிமீ, அதவிட குட்டியான ட்வின் ஆட்டர்னா 280 மாதிரி போடணும். மெதுவான விமானத்துக்கு காத்துதான் பெரிய வில்லன்: 400 கிமீ போக ட்வின் ஆட்டருக்கு 86 நிமிஷம், எதிர்காத்து மணிக்கு 50 கிமீ அடிச்சா 104 ஆயிரும், ஜெட்டுக்கு அதே காத்துல ரெண்டு நிமிஷம்தான் கூடும்.

இதெல்லாம் நேரடி விமானம் இருந்தாதான் சார். லாங்இயர்பியன்ல இருந்து கிழக்கு கிரீன்லாந்து கான்ஸ்டபிள் பாயிண்டுக்கு நேர்க்கோட்டுல வெறும் 1,370 கிமீ, ஆனா ட்ரோம்சோ, ஓஸ்லோ, ஐஸ்லாந்துனு சுத்தி போனா 4,500க்கு மேல, நடுவுல காத்திருக்குற நேரம் தனி. அதனால மேப்ல கோடு போடுறதுக்கு முன்னாடியே அந்த ஏர்போர்ட்டுக்கு எந்த ஊர்ல இருந்து சர்வீஸ் இருக்கு, வாரத்துல எத்தன நாள்னு பாருங்க.

டிக்கெட்ல இருக்குறது அந்தந்த ஊர் நேரம், கழிச்சு பாத்து ஏமாறாதீங்க. சமோவால அப்பியாவுக்கும் அமெரிக்க சமோவால பாகோ பாகோவுக்கும் சுமார் 150 கிமீதான், ஆனா நடுவுல தேதிக்கோடு, கடிகாரம் ஒண்ணு, தேதி மட்டும் ஒரு நாள் முன்ன பின்ன, ஹோட்டல் புக் பண்ணும்போது இத பாத்துக்கோங்க.