ரூத்தின் கதையை எபிரேயத்தில் படிக்க

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் எபிரேயம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களை முதலில் பழைய ஏற்பாட்டின் ரூத் புத்தகத்தில் உட்கார வைப்பேன். 4 அதிகாரம், 85 வசனம்தான். 22 எழுத்துகளைப் பழகுங்கள், வலமிருந்து இடமாக. உயிர்க்குறிகள் மசோரெத்தியர் என்ற யூத வேத அறிஞர்கள் பிற்காலத்தில் சேர்த்தவை. ஆனாலும் அவை உள்ள பதிப்பையே வாங்குங்கள், வீம்பு வேண்டாம். வசனத்தை இரண்டு மூன்று தரம் சத்தமாக வாசித்துவிட்டு, அப்புறம் தமிழ் வேதாகமத்தைத் திறங்கள்.

பழங்காலச் சூழல் பிடிபட 4ஆம் அதிகாரம் அருமையான இடம். ரூத்தை மணக்கப் போகிற உறவினன் போவாஸ், குடும்ப நிலத்தை மீட்பது பற்றிப் பேச ஊர் வாசலில் உட்கார்ந்து பத்துப் பெரியவர்களை அழைக்கிறான். அன்று வழக்குகள் அங்கேதான் தீரும். வட இஸ்ரேலின் தெல் தாணில் தோண்டியெடுத்த நகர வாசலில் கல் இருக்கைகூட இருக்கிறது. பேச்சு முடிந்ததற்கு அடையாளமாகச் செருப்பைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். பங்காளிகள் கூடிச் சொத்துப் பேசுவதைப் பார்த்த செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பழைய ஏற்பாட்டின் இன்னொரு புத்தகமான லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வையுங்கள்; விற்ற நிலத்தை உறவினன் மீட்கும் சட்டம் அதில் இருக்கிறது.